நான்கு ஸ்பீக்கர், ஒரு குரல்

அன்புள்ள ஐயா,

14க்கு 12 அடி ஹாலில் முன்பு இரண்டு ஸ்பீக்கர் வைத்திருந்தேன். நண்பர் வெளிநாடு போகும்போது கொடுத்த இன்னொரு ஜோடியையும் அதே ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, நான்கு மூலைக்கும் ஒன்றாக வைத்தேன். சத்தம் கூடியது, ஆனால் டிவியில் வசனம் புரியவில்லை. பேசுவது பின்னாலிருந்து கேட்கிறது. “பழைய ரெண்டே நல்லா இருந்துச்சு” என்கிறாள் மனைவி. எங்கே தவறு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

சோபா பின்சுவரை ஒட்டித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் பின் ஸ்பீக்கர்கள் உங்கள் தலைக்கு ஆறடி தூரத்தில், முன்னவை பதிமூன்று அடியில். ஒலி ஓர் அடி கடக்க ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட், அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஆகும். ஆக, ஒரே சொல் பின்னாலிருந்து ஆறு மில்லிசெகண்ட் முந்தி வருகிறது, கூடுதல் சத்தத்தோடும் வருகிறது. முதலில் வரும் ஒலி எந்தப் பக்கமோ அங்கிருந்துதான் எல்லாம் வருவதாகக் காது எடுத்துக்கொள்ளும். அடுத்து வருவதைத் தனி எதிரொலியாகக் கேட்காமல் முதலாவதோடு சேர்த்துவிடும். ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தன் ஆய்வேட்டில் எழுதியது இதைத்தான். கதாநாயகன் திரையில் வாயசைக்க, குரல் உங்கள் பிடரியில் கேட்பது இதனால்தான்.

தெளிவு போனதற்குக் காரணம் வேறு. ஆறு மில்லிசெகண்ட் வித்தியாசத்தில் வரும் ஒரே ஒலியின் இரண்டு அலைகள் சில அதிர்வெண்களில் கைகோத்துக்கொள்ளும், சிலவற்றில் ஒன்றையொன்று குறைக்கும். உங்கள் இருக்கையில் கிட்டத்தட்ட 80, 240, 400, 560 ஹெர்ட்ஸ் என்று சீப்புப் பல்லின் இடைவெளி போல வரிசையாகப் பள்ளம் விழும். பின் ஸ்பீக்கரின் சத்தம் அதிகம் என்பதால் முழுதாக அழியாது, ஆனாலும் குரலின் நிறம் மாறிவிடும். ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தால் பள்ளங்களும் நகரும். திருவிழாவில் தெரு நெடுகக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தால் அறிவிப்பு புரியாமல் போவதும் கொஞ்சம் இந்த உறவுதான். அங்கே நூறடி, இருநூறடி வித்தியாசம் என்பதால் சொல்லே இரட்டித்துவிடும்.

பின் ஜோடியைக் கழற்றிவிடுங்கள். எட்டு ஓம் மின்தடையுள்ள நான்கு ஸ்பீக்கரும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் இணையாக ஓடினால், ஒவ்வொரு பக்கமும் அது நான்கு ஓமாகக் குறைந்து, ஆம்ப்ளிஃபையர் கூடுதல் மின்னோட்டம் தர வேண்டிவரும். பெட்டி சூடாகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். முன்னிரண்டையும் மூலையிலிருந்து வெளியே இழுத்து, ஏழடி இடைவெளியில், உங்கள் இருக்கையிலிருந்து சம தூரத்தில் வையுங்கள். சோபாவையும் சுவரைவிட்டு ஓரிரண்டு அடி முன்னால் நகர்த்துங்கள். மொசைக் தரையும் வெற்றுச் சுவரும் ஒலியைத் திருப்பியடிப்பதால் காசு கொடுக்காமல் வந்த கூடுதல் ஸ்பீக்கர்கள் மாதிரி. ஒரு கம்பளம், கனமான திரைச்சீலை போதும்.

அப்புறம் வயரைப் பாருங்கள். ஒன்றில் மட்டும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தால் பேஸ் என்னும் கனத்த அடி ஒலி காணாமல் போகும். செய்தி வாசிப்பவரின் குரல் இரண்டுக்கும் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கலைந்து கேட்டால் அதுதான் கோளாறு.

நண்பர் கொடுத்ததை விற்றுவிடாதீர்கள். பிற்காலத்தில் 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும், அதாவது பேஸ் பெட்டிக்கும், தனித்தனியாக ஒலி பிரித்துத் தரும் பெட்டி) வாங்கினால், அது பின் ஸ்பீக்கருக்கு வேறு ஒலியை அனுப்பும். நீங்கள் தூரத்தைப் பதிந்தால், கிட்ட இருப்பதைத் தாமதப்படுத்தவும் செய்யும். அதுவரை படுக்கையறையில் இருக்கட்டும்.