மீட்டர் கணக்கில் தப்பும் ஜிபிஎஸ், நிலம் இறங்குவதை மில்லிமீட்டரில் எப்படிச் சொல்கிறது?

கேள்வி: சுரங்கப் பகுதிகளில் நிலம் தாழ்வதைச் செயற்கைக்கோள் மூலம் மில்லிமீட்டர் அளவில் கண்காணிக்கிறார்களாம். என் கைபேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளித்தான் காட்டுகிறது. இது எப்படி முடியும்?

முடியும். நான் சர்வே வேலையில் இருப்பவன், இந்தத் தரவோடுதான் என் பொழுது போகிறது.

கைபேசி பெரும்பாலும் செயற்கைக்கோள் அனுப்பும் நேரக் குறியீட்டைப் படித்து தூரத்தைக் கணக்கிடுகிறது. சர்வே ரிசீவர் அந்தக் குறியீட்டைச் சுமந்து வரும் அலையையே அளக்கிறது. ஜிபிஎஸ் அனுப்பும் எல்1 என்ற அலையின் நீளம் சுமார் 19 செ.மீ. அதில் நூறில் ஒரு பங்கைப் பிரித்துப் பார்க்க முடியும், அதாவது 2 மில்லிமீட்டர். கோளுக்கும் ஆன்டெனாவுக்கும் இடையில் முழு அலைகள் எத்தனை என்பது முதலில் தெரியாது. அதைக் கணக்குப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். அப்புறம், அசையாத இடத்தில் இன்னொரு ரிசீவரை வைத்து இரண்டின் அளவுகளையும் கழித்தால், கோளின் கடிகாரப் பிழை, காற்றுமண்டலத் தாமதம் போன்ற பொதுவான பிழைகள் பெருமளவு அடிபட்டுப் போகும்.

ஆனால் உயரம்தான் பலவீனமான பக்கம். கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேயே இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதனால் கிடைமட்டத்தைவிட உயரத்தில் பிழை இரண்டு மூன்று மடங்கு. நமக்கு வேண்டியதோ அந்த உயரம்! நொடிக்கு நொடி பார்க்கும் ஆர்டிகே முறையில் உயரம் இரண்டு மூன்று செ.மீ. வரை ஆடும். ஒரு நாள் முழுத் தரவையும் சேர்த்துக் கணக்கிட்டால் சில மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். ஆக, எவ்வளவு துல்லியம் என்று கேட்பவர், எவ்வளவு சீக்கிரம் தெரிய வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இன்னொரு தொல்லை, பக்கத்துத் தகரக் கூரையிலும் இயந்திரங்களிலும் பட்டுத் திரும்பி வரும் அலைகள். நேரத்தோடு உயரம் மாறுவதைக் காட்டும் வரைபடத்தில் நிலம் ஏறி இறங்குவது போலவே தெரியும். ஆனால் ஜிபிஎஸ் கோள்கள் வானத்தில் அதே இடங்களுக்குத் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாகவே திரும்பிவிடும். அதனால் இந்தப் பொய் அலையும் நாளுக்கு நான்கு நிமிடம் முந்திக்கொண்டே போகும். மூன்று நான்கு நாள் வரைபடங்களை அப்படி நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மேடுபள்ளங்கள் அச்சு அசலாகப் பொருந்தும். பொருந்துவதைக் கழித்துவிடலாம். நிலத்தின் அசைவு அப்படித் திரும்ப வராது.

என் அனுபவத்தில் இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் தரையில்தான். அசையாத ரிசீவர் என்றேனே, அது உண்மையிலேயே அசையாமல் இருக்கிறதா? 400 மீட்டர் ஆழத்தில் நிலக்கரி வெட்டினால், பாதிப்பு செங்குத்திலிருந்து 35 பாகை விரிவதாக வைத்தாலும், வெட்டிய விளிம்பைத் தாண்டி 280 மீட்டர் வரை தரை இறங்கும். பாறையைப் பொறுத்து அந்தக் கோணம் மாறும். சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைத்தால் அதனால் வரும் தாழ்வு இன்னும் தூரம் பரவும். அசையாத ரிசீவர் நிற்கும் அடிப்படை நிலையமும் சேர்ந்து இறங்கினால், இறங்கும் நிலம் அசையாதது போலக் காட்டும். அதனால் எட்டத்தில், திடப் பாறைமேல், ஒன்றையொன்று சரிபார்க்க குறைந்தது இரண்டு நிலையங்களாவது வேண்டும். சுரங்கத்தின்மேல் ரிசீவரைத் தாங்கும் கண்காணிப்புத் தூணும் அப்படித்தான். களிமண்ணில் மேலோட்டமாக நட்ட தூண் மழையில் உப்பி எழும், கோடையில் இறங்கும். சுரங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? எல்லோரும் எத்தனை செ.மீ. இறங்கியது என்றே கேட்கிறார்கள். ஒரு வீடு முழுக்க ஒரே சீராக இறங்கினால் சுவர் வெடிப்பதில்லை. சாய்வும் இழுவிசையும்தான் வெடிக்க வைக்கின்றன. 20 மீட்டர் இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளின் தூரம் 40 மி.மீ. கூடினால், மீட்டருக்கு 2 மி.மீ. இழுப்பு. பல கட்டடங்களில் விரிசல் விழ அது போதும். நிலக்கரியை நீண்ட சுவர்போல வெட்டிக்கொண்டே முன்னேறும் நீள்சுவர் முறையில், வெட்டு நடக்கும் முகப்பு நெருங்கும்போது, மேலே உள்ள புள்ளி முதலில் ஏற்கெனவே வெட்டிய பக்கம் நோக்கி நகரும். முகப்பு அடியில் கடந்த பின் அதன் திசையிலேயே பின்தொடரும். உயரத்தை மட்டும் அளக்கும் லெவலிங்கில் இது தெரியவே தெரியாது. மூன்று திசையும் ஒன்றாகக் கிடைப்பதுதான் செயற்கைக்கோள் முறையின் பெரிய பலம்.

சுவீடனின் கிருணாவில் இரும்புச் சுரங்கத்தால் தரை நகர்வதால் நகரத்தின் ஒரு பகுதியையே இடம் மாற்றுகிறார்கள். 2025 ஆகஸ்டில் அங்குள்ள பழைய மரத் தேவாலயத்தைச் சக்கர வண்டிகளில் ஏற்றி சுமார் 5 கி.மீ. நகர்த்தினார்கள். தரையின் போக்கைப் பல ஆண்டுகள் அளந்து வந்தால்தான் இவ்வளவு முன்கூட்டித் திட்டமிட முடியும்.

எல்லாவற்றையும் ஜிபிஎஸ் பிடித்துவிடாது. கூரையைத் தாங்க நிலக்கரியையே தூண்களாக விட்டு வெட்டிய பழைய தூண்முறைச் சுரங்கத்தில் திடீரென விழும் குழி, இரண்டு ரிசீவர்களுக்கு நடுவில் விழுந்தால் தெரியாது. அங்கே சென்டினல்-1 போன்ற ரேடார் கோள்கள் உதவும். பரப்பு முழுவதையும் பார்க்கின்றன. ஆனால் அவை வரும் நாட்களுக்கு இடையில் நிலம் வேகமாக இறங்கினாலோ, செடிகொடி அடர்ந்திருந்தாலோ கணக்கு குழம்பும், வடக்கு தெற்கு அசைவும் சரியாகத் தெரியாது. இரண்டையும் சேர்த்து வைப்பதே நல்லது.

சுரங்கத்தின்மேல் வசிப்பவர்களிடம் யாராவது வரைபடம் காட்டி 'பயமில்லை' என்றால், அடிப்படை நிலையம் எங்கே இருக்கிறது, தூண் எதன்மேல் நிற்கிறது என்று தயங்காமல் கேளுங்கள். உயரக் கோடு மட்டும் இருந்தால் கிழக்கு, வடக்குக் கோடுகளையும் கேட்டு வாங்குங்கள்.