பெல்ட்டை கட்டைவிரல் வச்சு அளக்காதீங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல செயின் கிளீனிங் பத்தி எழுதுனேன்ல, அதுக்கு அப்புறம் 'எங்க வண்டில செயினே கெடையாது, பெல்ட்டுதான் இருக்கு, எங்களுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா'ன்னு வரிசையா கேட்டுட்டீங்க. அதனால இந்த தடவ முழுக்க பெல்ட்தான், அதாவது செயினுக்கு பதிலா இன்ஜின் சக்தியை பின் வீலுக்கு கொண்டு போற பல்லு வச்ச பெல்ட்டு.

கேள்வி: அண்ணே வணக்கம். செகண்ட் ஹேண்ட்ல ஹார்லி ஸ்ட்ரீட் 750 எடுத்து 4 மாசம் ஆச்சு. பெல்ட் லூசா ஆடுற மாதிரி இருந்துச்சு, பக்கத்துல இருக்குற ஒர்க்‌ஷாப்ல குடுத்து டைட் பண்ணேன். அன்னைலேருந்து 60 தாண்டுனா கீழ 'ஊ...'ன்னு ஒரு சத்தம், நியூட்ரல்ல தள்ளினா கூட வண்டி கனமா இருக்கு. பெல்ட்டை அமுக்கி பாத்தா கம்பி மாதிரி நிக்குது. இது சரியா? (திருப்பூர்)

பதில்: சரியே இல்ல தம்பி, இன்னைக்கே லூஸ் பண்ணுங்க, அதுவரைக்கும் லாங் எதுவும் போகாதீங்க. நம்ம ஊர்ல முக்கால்வாசி கை செயின்ல பழகுன கை, புல்லட்டுக்கும் பல்சருக்கும் செயின் நடுவுல ஒரு இன்ச் ஆட்டம் விட்டு பழகியிருப்பாங்க, பெல்ட்டை பாத்ததும் ஒண்ணு அதே அளவுக்கு லூசா விட்டுடுவாங்க இல்லன்னா ஃபேன் பெல்ட்டு மாதிரி நெனச்சு முறுக்கிடுவாங்க. உங்களுக்கு ரெண்டாவது நடந்திருக்கு. லூசா இருந்தா ஆக்ஸிலரேட்டர் வேகமா திருகும்போது பல்லு தாவும், அதுவும் கெடுதல்தான். ஆனா டைட்டா இருந்தா கெடுறது பெல்ட்டு மட்டும் இல்ல, கியர்பாக்ஸ் அவுட்புட் ஷாஃப்ட் பேரிங்கையும் பின் வீல் பேரிங்கையும் அது எந்நேரமும் இழுத்துக்கிட்டே இருக்கும். அதுலயும் நீங்க ஏறி உக்காந்து ஸ்விங் ஆர்ம் (பின் வீலை புடிச்சிருக்குற கை) மேல தூக்கும்போது முன் புல்லி (பெல்ட் ஓடுற பல் சக்கரம்), ஸ்விங் ஆர்ம் பிவட் (அந்த கை அசையுற அச்சு), பின் ஆக்ஸில் மூணும் ஒரே கோட்டுக்கு வரும் பாருங்க, அந்த நேரத்துலதான் ரெண்டு புல்லிக்கும் நடுவுல தூரம் ஜாஸ்தி, பெல்ட்டு இன்னும் இறுகும். நிறுத்தி வச்சிருக்கும்போதே கம்பி மாதிரி இருக்குன்னா ஸ்பீட் பிரேக்கர்ல என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

எப்படி பாக்கணும்னு சொல்றேன். ஹார்லி மேனுவல்ல இருக்குற முறை இதுதான்: கீழ் பக்க பெல்ட்டோட நடுவுல 10 பவுண்ட், அதாவது கிட்டத்தட்ட 4.5 கிலோ அழுத்தம் குடுத்து, பெல்ட் எத்தனை மில்லிமீட்டர் நகருதுன்னு அளக்கணும். இந்த 4.5 கிலோதான் விஷயமே. கட்டைவிரல் வச்சு அமுக்குனா ஒருத்தர் 3 கிலோ அமுக்குவார், இன்னொருத்தர் 8 கிலோ அமுக்குவார், ரெண்டு பேருக்கும் வேற வேற விடை வரும், ரெண்டு பேரும் 'கரெக்டா இருக்கு'ன்னு சொல்லுவாங்க. இதுக்குன்னே ஸ்ப்ரிங் வச்ச கேஜ் விக்குது, கெடைக்கலன்னா ஏர்போர்ட்டுக்கு பெட்டி எடை பாக்க ஒரு கொக்கி தராசு விக்கிறாங்கல்ல, அது போதும். பழைய துணி பட்டையோ பை வாரோ அகலமா ஒண்ணை பெல்ட்டு மேல சுத்தி கொக்கியை மாட்டி கீழ இழுங்க, 4.5 வந்ததும் பக்கத்துல ஸ்கேல் வச்சு பாருங்க. மெல்லிசு கயிறு கட்டாதீங்க, ஓரத்துல அமுங்கும்.

எத்தனை மில்லிமீட்டர்ங்கறது மாடலுக்கு மாடல் மாறும், உங்க வண்டி மேனுவல்ல இருக்குற அளவை மட்டும் எடுங்க, பக்கத்து வீட்டு ஹார்லி ஸ்போர்ட்ஸ்டர் அளவு உங்களுக்கு ஆகாது. வண்டி எப்படி நிக்கணும்னும் அதுலயே போட்டிருக்கும், சிலதுல பின் வீல் தூக்கி இருக்கணும், சிலதுல ஆள் உக்காந்திருக்கணும். இதை கவனிக்காம அளவை மட்டும் பாத்து தப்பு பண்றவங்க நிறைய.

இன்னும் ரெண்டு விஷயம். ஓட்டிட்டு வந்த சூட்டோட பாக்காதீங்க, காலைல முதல் வேலையா பாருங்க, சூடான வண்டில எல்லாமே கொஞ்சம் விரிஞ்சு டென்ஷன் (பெல்ட்டோட இறுக்கம்) மாறி காட்டும். அப்புறம் நியூட்ரல்ல போட்டு வீலை கையால சுத்தி சுத்தி நாலஞ்சு இடத்துல பாருங்க, எந்த புல்லியும் நூத்துக்கு நூறு வட்டமா இருக்காது, எங்க ரொம்ப டைட்டா இருக்கோ அந்த இடத்துலதான் அளவு எடுக்கணும். கையாலன்னு சொன்னது கையாலதான். ஸ்டாண்ட்ல போட்டு கியர்ல விட்டு வீலை ஓட விட்டு பாக்குறத தயவுசெஞ்சு செய்யாதீங்க, செயின் தொடைக்கும்போது அப்படி விரலை குடுத்தவங்கள நான் நேர்ல பாத்திருக்கேன், பெல்ட்டும் அதே வேலையைத்தான் செய்யும்.

லூஸ் பண்ணும்போது இதை ஞாபகம் வச்சுக்கோங்க: ஆக்ஸில் நட்டை தளர்த்தி, ஆக்ஸிலை முன்ன பின்ன நகத்துற அட்ஜஸ்டரை திருப்பிட்டா மட்டும் வீல் தானா முன்னாடி வராது. டயரை பின்னாடி இருந்து ரப்பர் சுத்தியால தட்டி இல்லன்னா காலால தள்ளி ஆக்ஸில் அட்ஜஸ்டர்ல போய் உக்காருதான்னு பாக்கணும். நான் எப்பவும் வேணுங்கறதுக்கு மேல கொஞ்சம் லூஸ் பண்ணிட்டு அங்கேருந்து திரும்ப இறுக்கிக்கிட்டு வருவேன், அப்பத்தான் நடுவுல இடைவெளி எதுவும் மிச்சம் இருக்காது.

அளவு சரியான பிறகும் சத்தம் நிக்கலன்னா பேரிங் அடி வாங்கியிருக்கும், பின் வீலை தூக்கி கையால சுத்தி காது வச்சு கேளுங்க, கரகரன்னு இருந்தா மாத்திடுங்க.

கேள்வி: சார், பெல்ட் பின் புல்லில ஒரு பக்கமாவே ஒட்டி ஓடுது, மெதுவா போகும்போது 'கீச் கீச்'னு குருவி மாதிரி சத்தம். ஸ்விங் ஆர்ம்ல இருக்குற கோடு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கு. (மதுரை)

பதில்: அந்த கோட்டை நம்பித்தான் பாதி பேர் ஏமாறுறாங்க. சும்மா ஒரு அடையாளத்துக்கு போட்டது அது, ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல இருக்கும்னு உறுதி கெடையாது. அளக்க வேண்டியது ஸ்விங் ஆர்ம் பிவட் போல்ட்டோட நடு மையத்துலேருந்து ஆக்ஸிலோட நடு மையம் வரைக்கும், ரெண்டு பக்கமும். வித்தியாசம் 0.8 மில்லிமீட்டருக்குள்ள வரணும், அதாவது ஒரு இன்ச்ல 32-ல ஒரு பங்கு. டேப் வச்சு இந்த அளவை பிடிக்க முடியாது, சைலன்சரும் ஃபுட் ரெஸ்டும் குறுக்க நிக்கும்.

நான் செய்றது இதுதான். ஒரு வெல்டிங் ராடை பூச்சு எல்லாம் தட்டிட்டு நேராக்கி ஒரு முனையை கூர்மையா தேய்ச்சு லேசா உள்பக்கம் வளைச்சுக்கோங்க, சைக்கிள் வால்வ் டியூப்ல ஒரு துண்டு வெட்டி அதுல சொருகுங்க, இறுக்கமா இருக்கணும், தள்ளுனாத்தான் நகரணும். கூர் முனையை பிவட் மையத்துல வச்சு ராடை ஆக்ஸிலுக்கு நேரா புடிச்சு டியூப் துண்டை ஆக்ஸில் மையத்துக்கு தள்ளி நிறுத்துங்க. அப்படியே அலுங்காம எடுத்து அடுத்த பக்கம் வைங்க. டியூப் துண்டு மையத்துல வந்து நின்னா வீல் நேரா இருக்கு, இல்லன்னா எந்த பக்கம் எவ்வளவுன்னு கண்ணுல தெரியும். ஹார்லி மேனுவல்ல காட்டுற கருவியும் இதே கம்பியும் ரப்பரும்தான்.

திருத்தும்போது அவசரமே வேணாம். அட்ஜஸ்டர் நட்டுக்கு ஆறு முகம் இருக்குல்ல, ஒரு முகம் ஒரு முகமா திருப்புங்க. சாதாரண 8 எம்எம் போல்ட்டுல ஒரு முழு சுத்துக்கு 1.25 மில்லிமீட்டர் நகரும், அப்போ ஒரு முகத்துக்கு 0.2 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு தடவையும் வீலை நாலஞ்சு சுத்து கையால சுத்தி பெல்ட் எங்க போய் நிக்குதுன்னு பாருங்க. பெல்ட்டு புல்லி ஓரத்தை லேசா தொட்டா பரவால்ல, வீலை எந்த பக்கம் சுத்துனாலும் ஒரே ஓரத்தை நெருக்கி அமுக்கிக்கிட்டே இருக்கக் கூடாது. அந்த கீச் சத்தம் பெல்ட் ஓரம் புல்லி விளிம்புல உரசுறதுதான்.

வரிசை முக்கியம், முதல்ல அலைன்மெண்ட் (வீலை நேரா நிறுத்துறது), அது பிடிச்சதும் ரெண்டு பக்கமும் சமமா எண்ணி திருப்பி டென்ஷன், அப்புறம் ஆக்ஸில் நட்டை டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டுற ஸ்பேனர்) வச்சு மேனுவல்ல சொன்ன அளவுக்கு முறுக்கணும், முறுக்குனதும் மறுபடி ரெண்டையும் அளக்கணும். இந்த கடைசி அளவைத்தான் யாரும் எடுக்குறதில்ல. நட்டை முறுக்கும்போது ஆக்ஸில் ஒரு மயிரிழை நகந்துடும், நீங்க ஒரு மணி நேரம் பாடுபட்டு வச்ச டென்ஷன் அதுல போயிடும். எனக்கு மூணு தடவ திரும்ப திரும்ப அவுத்து மாட்டுன நாளும் உண்டு, இருந்தாலும் விட மாட்டேன். ஸ்ப்லிட் பின் (நட்டு கழலாம இருக்க மாட்டுற பின்) இருக்குற வண்டியா இருந்தா பழசை நிமித்தி போடாம புதுசு போடுங்க.

கேள்வி: அண்ணா, நான் ஏத்தர் 450 எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓட்டுறேன். ரோடு வேலை நடக்குற வழியா தினமும் ஆபீஸ் போறதால பெல்ட்டுல தூசி ஏறி சத்தம் வருது. வீட்டுல செயின் ஸ்ப்ரே இருக்கு, கொஞ்சம் அடிக்கலாமா? (ஓசூர்)

பதில்: வேணாம்மா, வேணவே வேணாம். பெல்ட்டுக்கு எண்ணெய், கிரீஸ், செயின் ஸ்ப்ரே, துரு எடுக்குற ஸ்ப்ரே எதுவுமே கூடாது. எண்ணெய் பட்டா தூசி அதுல ஒட்டி உப்புத்தாள் மாதிரி ஆகி புல்லியை தேய்க்கும். ஷாம்பு கலந்த தண்ணில துணியை நனைச்சு தொடைச்சு, நல்ல தண்ணி விட்டு, காய வைங்க, அவ்ளோதான். பிரஷர் வாஷ்ல நேரா பெல்ட்டு மேல அடிக்க விடாதீங்க, பல்லுக்கு நடுவுல மண்ணை திணிச்சு விட்டுடும். அப்புறமும் சத்தம் இருந்தா சர்வீஸ்ல டென்ஷன் பாக்க சொல்லுங்க, உங்க ஊர்லயே செய்ற வண்டி, கேட்டு வாங்குங்க. ஸ்கூட்டர்ல வீட்டுல நாமளே அட்ஜஸ்ட் பண்றத நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பெல்ட் பல்லுக்கு அடியில மெல்லிசா முடி மாதிரி விரிசல் தெரியுது. உடனே மாத்தணுமா? பெல்ட் வெலை கேட்டா தலை சுத்துது. (சேலம்)

பதில்: பதற வேணாம். பல்லு உள்பக்கம் முடி மாதிரி விரிசல் இருந்தா ஓட்டலாம், ஆனா 15 நாளைக்கு ஒரு தடவ பாத்துக்கிட்டே வாங்க. ஓரத்துல நூல் பிரிஞ்சு பஞ்சு மாதிரி நிக்கிறதும் அப்படித்தான், கண்காணிச்சா போதும், ஆனா அலைன்மெண்ட்டை ஒரு தடவ பாத்துடுங்க. பல்லோட வெளிப்பக்கம் விரிசல் வந்தாலோ, ஒரு பல்லு காணாம போனாலோ, பல்லு கொக்கி மாதிரி தேஞ்சிருந்தாலோ அதுக்கு மேல யோசிக்கவே வேணாம், மாத்துங்க. ஜல்லி ஒண்ணு உள்ள மாட்டி பெல்ட்டை குத்தியிருக்கும், அது ஓரத்துல இருந்தா உடனே மாத்தணும். பெல்ட்டோட பலமே உள்ள ஓடுற நார்லதான், நார் அறுந்தா அறிவிப்பு குடுத்துட்டு போகாது.

மாத்துறப்போ புல்லியையும் பாருங்க. அலுமினியம் பின் புல்லி மேல குரோம் பூச்சு இருந்தா, பல்லு குழியோட அடில கத்தி முனையை மிதமா அழுத்தி இழுங்க, வழுக்கிட்டு போனா பூச்சு நல்லா இருக்கு, குத்தி கோடு விழுந்தா பூச்சு போயிடுச்சு, அதுல புது பெல்ட் போட்டா புதுசையும் தின்னுடும். புது பெல்ட்டை வாங்கிட்டு வரும்போது மடிச்சு சுருட்டி டேங்க் பேக்ல திணிக்காதீங்க, கூர்மையா மடங்குனா உள்ள நார் அப்பவே உடைஞ்சிடும், வெளிய ஒண்ணும் தெரியாது.

கேள்வி: போன்ல ஆப் வச்சு பெல்ட்டை தட்டி சத்தத்துல டென்ஷன் பாக்கலாமாமே, உண்மையா? (கோவை)

பதில்: உண்மைதான். வீணை தந்தி மாதிரிதான், இறுக இறுக சுருதி ஏறும், ஆப் அந்த அதிர்வை ஹெர்ட்ஸ்ல காட்டும். டென்ஷன் நாலு மடங்கு ஆனா அதிர்வு ரெண்டு மடங்குதான் ஆகும், அதனால ஹெர்ட்ஸ்ல சின்ன வித்தியாசம்னா டென்ஷன்ல பெரிய வித்தியாசம்னு அர்த்தம். உங்க மாடலுக்கு கம்பெனி ஹெர்ட்ஸ் அளவு குடுத்திருந்தா மட்டும் பயன்படுத்துங்க, குடுக்கலன்னா அந்த கொக்கி தராசையே எடுங்க.