அவள் இன்னும் கொஞ்ச நாள் லாயத்திலேயே இருக்கட்டும்

போன வாரம் ஒரு தாயும் தகப்பனும் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். அவளுக்குப் பள்ளிப் படிப்பு முடியப் போகிறது. பெரியப்பா ஒருவர் ஐந்து வருட மேலாண்மைப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி, பாதி நிரப்பியும் கொடுத்துவிட்டார். கட்டணத்துக்குக் கடன் வாங்கிக்கொள்ளலாம், ஜாமீன் கையெழுத்து நான் போடுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். மகள் இரண்டு வருடமாக வார இறுதிகளில் ஒரு குதிரை லாயத்துக்குப் போய் வருகிறவள். குதிரைகளை வைத்து மனிதர்களுக்குத் தலைமைப் பண்பு பயிற்றுவிக்கும் வேலை ஒன்று இருக்கிறது, அதைத்தான் செய்யப் போகிறேன் என்கிறாள். அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. "குதிரைக்குப் புல் போடவா இவளை இத்தனை வருஷம் படிக்க வைத்தோம்?" என்று கேட்கும்போதே அவர் குரல் உடைந்தது.

பயப்படாதீர்கள், அப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறது என்றேன். ஆறுதலாகச் சொல்ல என்னிடம் இருந்தது அவ்வளவுதான். அன்று நேரம் போதாமல் பாதியில் நின்ற பேச்சை, அந்தத் தாய் தகப்பனுக்கே இங்கே எழுதி முடிக்கிறேன்.

முதலில் அந்த விண்ணப்பம். மேலாண்மை படித்தால் நாலு பேரை வைத்து வேலை வாங்கத் தெரியும் என்பது பெரியப்பாவின் கணக்கு. அவருடைய அக்கறையில் நான் குறை காணவில்லை. ஆனால் அங்கே கற்றுத் தருவது நிதி, சந்தை, கணக்கு, சட்டம். அவற்றில் ஆசை இருக்கிறவர்களுக்கு நல்ல படிப்புதான். நாலு பேரை நடத்துவது என்பதோ, நாலு பேரோடு வேலை செய்து, அடிபட்டு, அப்புறம் யோசித்துப் பார்க்கும்போது புரிகிற விஷயம். இதுவரை எந்தக் குழுவோடும் வேலை செய்யாத பதினேழு வயதுப் பெண்ணுக்கு அதை வகுப்பறையில் ஊட்ட முடியாது. அந்தப் பட்டம் எங்கேயும் ஓடிவிடாது. இருபத்தாறு வயதில் தேவைப்பட்டால், சொந்தச் சம்பாத்தியத்தில் அவளே படித்துக்கொள்வாள். இப்போது கடன் வாங்கிச் சேர்த்து, பிடிக்காமல் இரண்டாம் வருடத்தில் அவள் விட்டுவிட்டால், குதிரை குப்புறத் தள்ளியதோடு குழியும் பறித்த கதை ஆகிவிடும். பட்டமும் இருக்காது, தவணை மட்டும் மாதாமாதம் வந்து நிற்கும். மகளுக்கு விருப்பமில்லாத படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

மற்ற படிப்புகளைப் பற்றிச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. மகள் சொன்ன வேலை என்ன என்பதை மட்டும் விளக்குகிறேன். உங்கள் பயத்தில் பாதி அது தெரியாததால் வந்தது.

வேலி போட்ட ஒரு திடல். உள்ளே கயிறு இல்லாமல் ஒரு குதிரை. ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் ஆறு பேர் உள்ளே போகிறார்கள். யாரும் குதிரை மேல் ஏறப் போவதில்லை. குதிரையைத் தொடாமல், தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல், தரையில் கிடக்கும் இரண்டு கட்டைகளுக்கு நடுவே அதை நடத்திப் போக வேண்டும். ஒருவர் முன்னால் நின்று கையை ஆட்டி அழைப்பார். அதே நேரம் இன்னொருவர் பின்னாலிருந்து விரட்டுவார். குதிரை இருவரையும் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். மூன்றாவது ஆள் மெல்ல வேலியோரம் ஒதுங்கிவிடுவார். கால் மணி நேரம் இப்படியே போகும். அப்புறம் யாரோ ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் குதிரையின் தோள் பக்கமாகப் போய் நின்று, போக வேண்டிய திசையைப் பார்த்து நடக்கத் தொடங்குவார். குதிரையும் நடக்கும். முடிந்ததும் பயிற்சியாளர் புத்தி சொல்வதில்லை, கேள்விதான் கேட்பார். குதிரை முதல் அடியை எப்போது எடுத்து வைத்தது? அந்த நேரத்தில் நீங்கள் ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அலுவலகத்தில் இதே மாதிரி எங்கே நடக்கிறது? இந்த மூன்றாவது கேள்விக்கு வரும் மௌனத்தில்தான் அன்றைய பயிற்சி இருக்கிறது.

இதற்கு ஏன் குதிரை? காட்டில் அது வேட்டையாடப்படுகிற விலங்கு. கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் உள்ள கொஞ்ச இடம் தவிரச் சுற்றிலும் தெரியும். இரண்டு காதும் தனித்தனியாகத் திரும்பும். எதிரே வருவது ஆபத்தா இல்லையா என்பதை உடம்பை வைத்துக் கணித்தே அது பிழைத்து வந்திருக்கிறது. உங்கள் பதவியும் சம்பளமும் அதற்குத் தெரியாது, தோள் இறுகியிருப்பது தெரியும். நூறு வருடத்துக்கும் முன்பு ஜெர்மனியில் ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குக்கு விடையைக் குளம்பால் தட்டிக் காட்டிப் பெயர் வாங்கியது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் 1907-இல் அதைச் சோதித்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸும் தவறியது. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி மறைத்தாலும் தவறியது. சரியான எண்ணிக்கை வந்ததும் அவர் உடம்பில், அவரே அறியாமல் ஏற்படும் சின்ன அசைவைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. குதிரையோடு போகிறவர்களிடம், இந்த முறை ஒரு குடை திடீரென்று விரியும் என்றார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் மனிதர், குதிரை இருவரின் இதயத் துடிப்பும் ஏறியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இந்த வேலையின் சாரமே அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். குதிரைக்குக் கயிற்றின் இழுப்பு எதையும் கற்றுத் தருவதில்லை. அது அரை அடி எடுத்து வைத்த அந்தக் கணமே இழுப்பைத் தளர்த்துகிறோமே, அதில்தான் கற்றுக்கொள்கிறது. கொஞ்சம் தாமதமாகத் தளர்த்தினால், அந்த நேரத்தில் அது என்ன செய்துகொண்டிருந்ததோ அதைத்தான் சரி என்று எடுத்துக்கொள்ளும். சொன்னதைச் செய்து முடித்த ஊழியரை அதற்குப் பிறகும் விரட்டிக்கொண்டே இருக்கும் மேலாளர்களை நினைத்துப் பாருங்கள். கையில் கயிறோடு பத்து நிமிடம் நின்றாலே அவர்களுக்கு அது புரிந்துவிடும்.

இந்தத் துறையில் பொய்யும் உலவுகிறது. "மந்தைக்கு ஒரு தலைவன் உண்டு, நீங்கள் அந்தத் தலைவன் ஆகுங்கள், அடக்குங்கள்" என்று யாராவது பயிற்சி விற்றால், மகளை அங்கே அனுப்பாதீர்கள். குதிரை மந்தையை எப்போதும் ஒரே தலைவன் நடத்துவதில்லை, வெவ்வேறு குதிரைகள் நகர்வைத் தொடங்கி வைக்கின்றன. அடக்கப்பட்ட குதிரை அசையாமல் நிற்பதைப் பணிவு என்று காட்டுகிறவர்களிடம் கற்க எதுவும் இல்லை.

சரி, மகளுக்கு வருவோம். உங்கள் இருவரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். உனக்குக் குதிரை பிடிக்கும், மனிதர்களைப் பிடிக்குமா? மனிதர்களிடமிருந்து தப்பிக்க லாயத்துக்கு ஓடும் பிள்ளைகள் உண்டு. அது தவறில்லை, அவர்களுக்குக் கால்நடை மருத்துவமோ குதிரை வளர்ப்போ பொருந்தும். இந்த வேலை பொருந்தாது, ஏனென்றால் இது முழுக்க மனிதர்களைப் பற்றியது. அவள் யோசித்துவிட்டு ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். சவாரி கற்க வந்தவர், ஒரு குறிப்பிட்ட குதிரை தன்னைக் கண்டால் நகரவே மாட்டேன் என்கிறது என்று அழுதாராம். "அவங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. குதிரையைத் தடவிக்கிட்டே என்கிட்ட ஏதாவது பேசுங்கன்னு சொன்னேன். அவங்க வேலை போனதைப் பத்திச் சொன்னாங்க. சொல்லி முடிக்கிறதுக்குள்ள குதிரை தலையைத் தாழ்த்திடுச்சு" என்றாள். பதினேழு வயதில் இதைக் கவனிக்கிற பிள்ளையைக் கணக்குப் பதிவியலுக்கு இழுத்துப் போகாதீர்கள்.

இனி வழி. இது மெதுவான பாதை. இந்தத் துறையில் பெயர் பெற்ற ஈகாலா என்ற அமைப்பு 1999-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அவர்கள் முறையில் திடலில் இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்வார்கள். ஒருவர் மனநல வல்லுநர், இன்னொருவர் குதிரை வல்லுநர். எல்லாம் தரையில் நின்றபடிதான், சவாரி இல்லை. குதிரை வல்லுநராகச் சான்று பெற, குதிரைகளோடு நேரடியாக 6,000 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். வாரம் ஆறு மணி நேரம் என்று வைத்தாலும் உங்கள் மகள் இரண்டு வருடத்தில் 600 மணி நேரத்தைத் தாண்டிவிட்டாள். பத்தில் ஒரு பங்கு. நீங்கள் வீண் பொழுது என்று நினைத்த நேரம் அது.

கூடவே சாதாரணக் கட்டணத்தில், வீட்டுக்குப் பக்கத்தில், உளவியலில் இளநிலைப் பட்டம். இதை நான் வற்புறுத்துகிறேன். ஒருவர் தன் வேலையை மேம்படுத்திக்கொள்ள வழிகாட்டுவது வேறு, மனக்காயத்துக்குச் சிகிச்சை தருவது வேறு. திடலில் ஒருவர் உடைந்து அழும்போது, எந்த இடத்தில் நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், இப்படி மனிதர்களுக்கு வழிகாட்டுகிறவர்களுக்கான (coach) பயிற்சியாளர் சான்று. 1995 முதல் இயங்கும் சர்வதேசப் பயிற்சியாளர் கூட்டமைப்பின் முதல் நிலைச் சான்றுக்கு 60 மணி நேரப் படிப்பும், ஆட்களுக்குப் பயிற்சி தந்த 100 மணி நேர அனுபவமும் வேண்டும். இதைப் பட்டம் முடித்த பிறகு, வேலை பார்த்துக்கொண்டே செய்யலாம். முதல் சில வருடங்கள் குதிரைத் திடலை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. பள்ளி ஆலோசகராகவோ, ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பயிற்சிப் பிரிவிலோ சம்பளம் வாங்கியபடிதான் இதை வளர்க்க வேண்டும். உளவியல் பட்டம் அங்கேயும் கைகொடுக்கும்.

யார் கெஞ்சினாலும் குதிரை வாங்கித் தராதீர்கள். வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் அது தினமும் எட்டுப் பத்து கிலோ உலர்ந்த புல் தின்னும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவ வேண்டும், பல்லை ராவ வேண்டும், மருத்துவர் வர வேண்டும். இருபத்தைந்து, முப்பது வருடம் வாழும். இருக்கிற லாயத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வேலை செய்வதே புத்திசாலித்தனம். அதே மாதிரி, இரண்டே நாளில் சான்றிதழ் என்று வரும் விளம்பரத்துக்கும் ஒரு காசு கொடுக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் தன்னைப் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய துறை இது. அரை டன் எடையுள்ள விலங்கின் பக்கத்தில் அந்நியர்களை நிறுத்தப் போகிறவளுக்கு இரண்டு நாள் போதாது.

பெரியப்பாவிடம் நான் பேசத் தயார். அதற்கு முன்பு ஒரு நாள் காலையில் அவரை அந்த லாயத்துக்கு அழைத்துப் போங்கள். மகள் சாணம் அள்ளி, தண்ணீர் வைத்து, உடம்பு தேய்த்து முடிக்கும் வரை ஓரமாக நின்று பார்க்கட்டும். விண்ணப்பத்தின் கடைசித் தேதி வருகிற வெள்ளிக்கிழமை என்றீர்கள். அது போகட்டும். கடைக்குப் போய் ஒரு தடிமனான நோட்டு வாங்கிக் கொடுங்கள், எந்த நாள், எத்தனை மணி நேரம், எந்தக் குதிரை என்று அவள் எழுதி, லாயப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கி வைக்கட்டும். இதுவரை போன 600 மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரு கடிதம் வாங்கச் சொல்லுங்கள்.