சிப்பியில் பிறந்த பொத்தான்

கேள்வி: அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள மஸ்கட்டீனை ‘முத்துப் பொத்தான் தலைநகரம்’ என்கிறார்களே, ஏன்?

பதில்: ஊரை ஒட்டி ஓடும் மிசிசிப்பி ஆற்றின் சிப்பிதான் காரணம். ஜெர்மனியிலிருந்து வந்த ஜான் பெப்பிள் 1891-இல் இங்கே பொத்தான் தொழிலைத் தொடங்கினார். 1905-இல் ஆண்டு உற்பத்தி சுமார் 150 கோடி. உலகப் பொத்தான்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

சிப்பி பிடிக்கும் முறை அழகானது. கொக்கிகள் தொங்கும் கம்பியைப் படகிலிருந்து ஆற்றடியில் இழுப்பார்கள். வாய் திறந்து கிடக்கும் சிப்பி, கொக்கி பட்டதும் இறுக மூடிக்கொள்ளும். அப்படியே மேலே வந்துவிடும். வேகவைத்துச் சதையை நீக்குவார்கள். காய்ந்த ஓடு நொறுங்கும் என்பதால் சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, குழாய் வடிவ ரம்பத்தால் வட்ட வில்லைகளை வெட்டுவார்கள். பிறகு முதுகைத் தேய்த்து, துளையிட்டு, மெருகேற்ற வேண்டும். வட்ட ஓட்டைகளோடு மிஞ்சிய ஓடுகள் இன்றும் ஆற்றங்கரையில் கிடைக்கின்றன.

கேள்வி: தொழில் ஏன் நொடித்தது?

பதில்: சிப்பி மெதுவாக வளரும், அதன் குஞ்சுகள் மீனின் செவுளில் ஒட்டி வாழ்ந்தே பிழைக்கும். அளவின்றி அள்ளியதில் படுகைகள் வெறுமையாயின. அருகிலுள்ள ஃபேர்போர்ட்டில் அரசு நிலையம் அமைத்துச் செயற்கையாக வளர்த்தும் ஈடுகட்ட முடியவில்லை. ஜிப்பும் பிளாஸ்டிக்கும் மிச்சத்தை முடித்தன. தொழிற்சாலைகள் பிளாஸ்டிக் பொத்தானுக்கு மாறின.