நந்திக்கடலில் இறங்கிக் கொக்கிளாய் வரை படகில் போகலாமா?

கேள்வி: முள்ளியவளையில் இருக்கிறோம். 18 அடி ஃபைபர் படகும் 15 குதிரைவலு எஞ்சினும் விலைபேசியிருக்கிறோம். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு நந்திக்கடலில் இறங்கி, வட்டுவாகல் முகத்துவாரத்தால் கடலுக்குப் போய், நாயாறு, கொக்கிளாய் வரை ஓட ஆசை. எல்லா அனுமதியையும் ஒரே தாளில் எடுத்துத் தருவதாகத் தரகர் காசு கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஐந்து சதமும் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு தாள் கிடையாது. பயணத்தையும் ஒரே ஓட்டமாக நினைக்காதீர்கள்.

வருடத்தின் பெரும்பகுதி முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கும். மாரியில் நந்திக்கடல் களப்பு நிரம்பித் தானே உடைக்கும், அல்லது வெட்டிவிடுவார்கள். அது வாடைக்காற்றுக் காலம். வெளியே பாயும் வெள்ளமும் உள்ளே வரும் அலையும் மோதி, அலை செங்குத்தாக எழும்பும். படகு குறுக்கே திரும்பினால் கவிழும். வட்டுவாகல் பழைய பாலமும் தாழ்வானது, வெள்ளம் அதன் மேலாலேயே பாயும். சோளகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், கடல் அடங்கியிருக்கும், ஆனால் வாய் மூடிக் கிடக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மாரி ஓய்ந்து தை, மாசியில் வாய் திறந்தபடியே இருக்க, வெள்ளத்தின் வேகம் அடங்கும் நாட்கள் சில வரும். அப்போதும் விடியலில் கரையில் நின்று அரை மணி நேரமாவது பாருங்கள். வாய்க்கு நடுவே அலை உடைகிறதா? உடைந்தால் போகவேண்டாம். உடையாவிட்டால், அந்த இடத்துக் கடற்றொழிலாளி ஒருவரோடு மட்டும் போங்கள். பிள்ளைகள் கரையில் நிற்கட்டும். நேற்று இருந்த ஆழம் இன்று இராது, மணல் ஒரே இரவில் இடம் மாறும்.

மற்றப்படி சோளகத்தில் களப்பை ஒருநாள் பாருங்கள். பிறகு படகை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி முல்லைத்தீவுக் கரையில் இறக்குங்கள். களப்பில் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கம்பை ஊன்றித் தள்ளிப் போவதே நல்லது. சேறு இழுத்தால் குளிர்நீர் வழி அடைத்து எஞ்சின் சூடேறும். இறால் வலை எஞ்சினின் காற்றாடியில் (புரொப்பெல்லரில்) சுற்றும், அது இன்னொருவர் பிழைப்பு.

சோளகம் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. எஞ்சின் நின்றால் படகு வெளியே போய்விடும். விடிய வெளிக்கிட்டு, கரையை ஒட்டியே ஓடுங்கள். நங்கூரமும், ஆழத்தின் ஐந்து மடங்கு கயிறும், ஆளுக்கொரு மிதவை அங்கியும் கட்டாயம்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து கொக்கிளாய் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பாரத்தோடு இரண்டு மணி ஓடினால், டூ ஸ்ட்ரோக் எஞ்சின் மணிக்கு 7 லீற்றர் கணக்கில் 14 குடிக்கும். போக 14, வர 14, கைவசம் 14: 42 லீற்றர் வேண்டும். 24 லீற்றர் தாங்கி ஒன்றை நம்பிப் போகாதீர்கள். ஒயில் கலவை லீற்றருக்கு 20 மில்லிலீற்றர்; எஞ்சின் புத்தகத்தையும் பாருங்கள்.

அனுமதி விடயம். கடற்றொழில் திணைக்களத்தின் மீன்பிடிப் படகுப் பதிவு தொழிலுக்கானது, உல்லாசத்துக்கு அல்ல. நந்திக்கடல் 2017 முதல் இயற்கை ஒதுக்கிடம். கொக்கிளாய் 1951 முதல் பறவைகள் சரணாலயம். அவை வனசீவராசிகள் திணைக்களத்தின் கையில். கடலுக்குப் போகக் கடற்படையிடமும் விசாரிக்கவேண்டும். ஒரு மேசையில் முடியவேண்டிய வேலைக்கு மூன்று வாசல் ஏறவைக்கிறார்கள். அந்த அலைச்சலில்தான் தரகர்கள் வாழ்கிறார்கள். நீங்களே போய், எழுத்தில் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

படகுக்குக் காசு கொடுக்குமுன் எஞ்சினில் பொறித்த இலக்கத்தைப் பதிவுப் புத்தக மூலப் பிரதியோடு ஒத்துப்பாருங்கள். போட்டோப் பிரதி மட்டும் காட்டினால் அந்தப் படகு வேண்டாம்.