பரோலும் முன்விடுதலையும்: கடலூர்க் குடும்பங்களின் கேள்விகள்

கேப்பர் மலையில் உள்ள கடலூர் மத்திய சிறையிலும் புதுச்சேரி காலாப்பட்டுச் சிறையிலும் உறவினர்கள் இருக்கும் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஐயா, என் தம்பி ஆயுள் கைதி, உள்ளே போய் 4 வருடம் ஆகிறது. தங்கைக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். பரோலுக்கு யாரைப் பிடிக்க வேண்டும்? (நெல்லிக்குப்பம்)

யாரையும் பிடிக்க வேண்டாம்மா. தம்பி சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு எழுதட்டும், நீங்களும் ஒன்று கொடுங்கள். நாம் பரோல் என்று சொல்வது இங்கே 1982-ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி கிடைக்கும் விடுப்புதான். கூடப்பிறந்தவர் கல்யாணம், பெற்றோர், மனைவி, பிள்ளைகள் இவர்களின் சாவு அல்லது கடும் நோய் என்றால் அவசர விடுப்பு. வீடு கட்ட, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, விதைப்பு, அறுவடை பார்க்க, பாகப்பிரிவினை முடிக்க என்றால் சாதாரண விடுப்பு. அதற்கு 3 வருடம் உள்ளே முடித்திருக்க வேண்டும். பத்திரிகை அடித்ததும் மனுவோடு இணைத்துவிடுங்கள்.

மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் மட்டும் வழி வேறு. தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்க வேண்டியது அந்த நீதிமன்றத்தில்.

மனு போட்ட பிறகு என்ன நடக்கிறது? (பண்ருட்டி)

எல்லாம் சென்னையில் முடிவாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பாதி முடிவு உங்கள் தெருவிலேயே ஆகிவிடுகிறது. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார். ஆள் வந்தால் எங்கே தங்குவார், யார் பொறுப்பேற்பார் என்று கேட்பார். அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் வீட்டுக்கும் போவார். நான் அந்த வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அவர்கள் பயம் நிஜமான பயம். அதே தெருவில்தான் தங்குவார் என்று எழுதுவதைவிட, வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்தால் பல சமயம் காரியம் நடக்கும். ரேஷன் கார்டில் ஒரு முகவரி, மனுவில் இன்னொன்று என்று இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

‘சட்டம் ஒழுங்கு கெடும்’ என்று போலீஸ் ஒரே வரியில் எழுதிவிட்டது. அவ்வளவுதானா? (விருத்தாசலம்)

இல்லை. நிராகரித்த உத்தரவின் நகலை வாங்குங்கள், சென்னை உயர் நீதிமன்றம் போகலாம். காரணம் சொல்லாத ஒற்றை வரி அறிக்கை என் கண்ணில் அறிக்கையே இல்லை.

14 வருடம் முடிந்தால் தானாக விட்டுவிடுவார்களா? (திருப்பாதிரிப்புலியூர்)

மாட்டார்கள் அண்ணா. ஆயுள் என்றால் ஆயுள்தான். மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை 14 வருடத்துக்கு முன் அரசு விடக் கூடாது என்பதே சட்டம். அதன் பிறகு ஆலோசனைக் குழு அறிக்கைகளைப் பார்த்துப் பரிந்துரைக்கும், அரசு முடிவெடுக்கும். விடுப்பில் வெளியே இருந்த நாட்களை இந்த 14 வருடத்தில் சேர்க்கக் கூடாது என்று கோவா வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கணக்குப் போடும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

2018-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 10 வருடம் முடித்தவர்களும் வெளியே வந்தார்களே என்று கேட்பீர்கள். அது அரசியலமைப்பின் 161-ஆம் பிரிவில் ஆளுநருக்கு உள்ள அதிகாரம். 14 வருட வரம்பு அதைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஆளுநர் தன் விருப்பப்படி முடிவெடுக்க முடியாது, அமைச்சரவை சொல்வதுதான். பேரறிவாளன் வழக்கில் 2018 செப்டம்பரில் அமைச்சரவை பரிந்துரைத்தது. 2022 மே 18-இல் உச்ச நீதிமன்றமே விடுவிக்க வேண்டியதாயிற்று. ஒரு கோப்பு அத்தனை காலம் கிடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

காலாப்பட்டில் இருப்பவருக்கும் இதேதானா? (வில்லியனூர்)

விடுப்பு விதிகள் அங்கே தனி. 161-ஆம் பிரிவு மாநில ஆளுநருக்கு மட்டும். துணைநிலை ஆளுநருக்குப் பொருந்தாது. அரசியலமைப்பின்படி மன்னிப்பு கேட்பதென்றால் குடியரசுத் தலைவருக்குத்தான் மனு.

50,000 கொடுத்தால் லிஸ்டில் பெயர் சேர்ப்பதாக ஒருவர் சொல்கிறார். (சிதம்பரம்)

தயவுசெய்து கொடுக்காதீர்கள். முன்விடுதலைக் கொள்கை உள்ள மாநிலங்களில், தகுதி வந்த கைதியை அவர் மனு போடாவிட்டாலும் அரசே பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மறுத்தால் காரணத்தோடு கைதிக்குத் தெரிவிக்க வேண்டும். வக்கீல் தேவையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். கைதிகளுக்கு அங்கே இலவசம், வருமானச் சான்று கேட்க மாட்டார்கள்.