இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் பிள்ளையுடன் வாசிக்க நேரம் கிடைக்குமா?

கணவர் ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையிலும் நீங்கள் வேலூரில் ஓர் அலுவலகத்திலும் பணிபுரிவதால், ஏழு வயது மகளுடன் வாசிக்க நேரமே இல்லை என்கிறீர்கள். இதற்கெனத் தனியாக ஒரு மணி நேரத்தைத் தேட வேண்டாம். இரவுச் சாப்பாடு முடிந்து பாய் விரித்ததும் பத்து நிமிடம் வாசிப்பது என்று வைத்துக்கொண்டால், நாளடைவில் அவளே புத்தகத்தை எடுத்து வந்துவிடுவாள். ஷிப்ட் மாறும் வாரங்களில் பாட்டி வாசிக்கட்டும். படித்த கதையையே மீண்டும் கேட்டால் மறுக்காதீர்கள். அடுத்த வரியை முந்திக்கொண்டு சொல்வதும், அந்தச் சொல்லின்மேல் விரல் வைத்துக் காட்டுவதும் அப்படித்தான் வருகின்றன. கதை முடிந்ததும் கேள்வி கேட்டுத் தேர்வு வைப்பது மட்டும் (நம் வீடுகளில் இது சற்று அதிகம்) வேண்டவே வேண்டாம். ஞாயிறன்று வேலூர்க் கோட்டைக்குப் போவதாக இருந்தால், 1806 ஜூலை 10 அன்று அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததை முந்தைய இரவே வாசித்துவிடுங்கள். அகழியைப் பார்த்ததும் அவளே கேட்கத் தொடங்குவாள்.